புகார்: தமிழ் எழுத்தை உடைக்கும் மனவோட்டவரை மென்பொருள்

அனுப்புநர்:
பயிற்றி தயாரிப்புக் குழுவினர்,
பட்டர்வொர்த், பினாங்கு.

பெறுநர்:
நிர்வாகி, வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: 6 உரிமங்களுக்குச் செலுத்திய பணத்தைத் திருப்பிக் கேட்டல்

ஐயா / அம்மையீர்,

வணக்கம். தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்கான பயிற்றிகளைத் தயாரிக்க கருத்துகளைக் கிளைகளாக வரைய உதவும் உங்கள் மனவோட்டவரை மென்பொருளின் ஓராண்டு உரிமங்கள் ஆறினை வாங்கினோம். தமிழில் எழுதலாம், பள்ளிகளில் பயன்படும் ஐ-திங்க் சிந்தனை வரைபடங்கள் எட்டையும் வரையலாம், கோப்பை வேறு மென்பொருளுக்கு மாற்றலாம் என்பது உங்கள் விளம்பரம். மூன்றும் நடக்கவில்லை.

முதலில் தமிழ். பெட்டி குறுகும்போது உங்கள் மென்பொருள் முழு எழுத்துகளைப் பாராமல், கணினி எழுத்தைச் சேமிக்கும் யூனிகோட் குறிகளை எண்ணி வரியை வெட்டுகிறது. 'கெ' என்பது படிப்பவருக்கு ஒரே எழுத்து. கணினிக்கோ ககரம் ஒன்று, கொம்பு ஒன்று. இரண்டுக்கும் நடுவே வெட்டினால் மேல் வரியில் 'க' தனியே நிற்க, கீழ் வரி புள்ளிவட்டம் ஒட்டிய வெறுங்கொம்பில் தொடங்குகிறது. எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகும் பிள்ளையின் கையில் அந்தத் தாளைக் கொடுக்கவே கூடாது. முழு எழுத்தின் எல்லையில் மட்டும் வரியை மடக்குவதே இதற்குத் தீர்வு.

தேடலிலும் இதே அலட்சியம். 'கொ'வின் உயிர்க்குறியைச் சில விசைப்பலகைகள் ஒரே குறியாக அனுப்பும். சில, கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாக அனுப்பும். திரையில் வேறுபாடே தெரியாது. 'கொசு' என்று இரண்டு வகையிலும் தட்டி, பிறகு தேடிப் பாருங்கள்: ஒன்றுதான் கிடைக்கும். ஒப்பிடும் முன் இரண்டையும் என்எஃப்சி (NFC) எனும் ஒரே சீர்வடிவுக்கு மாற்றினால் போதும். யூனிகோட் தரத்திலேயே உள்ள வழி அது. ஆறு பேர் ஆறு கணினிகளில் தட்டும் கோப்பில் இந்தக் குறை இருந்தால் தேடலை நம்பவே முடியாது.

அடுத்து, எட்டில் ஒன்றான, இரண்டு பொருள்களின் ஒற்றுமை வேற்றுமைகளைக் காட்டும் இரட்டிப்புக் குமிழி வரைபடம். கொசுவையும் ஈயையும் ஒப்பிடும்போது 'ஓரிணைச் சிறகு' என்ற குமிழி இரண்டோடும் சேர வேண்டும். உங்கள் மென்பொருளில் ஒரு குமிழியை ஒரே ஒரு மேற்குமிழியோடுதான் (தாய்க்கணு) இணைக்க முடியும். இரண்டாவது கோட்டை இழுத்தால் முதல் கோடு அறுந்துபோகிறது. இப்படிக் கிளைகள் மட்டுமே பிரியும் மர அமைப்பில் மனவோட்டவரை வரையலாம், மர வரைபடம் வரையலாம். பொதுக்குமிழி கேட்கும் வரைபடத்துக்கு அது ஒத்துவராது. அப்படியிருக்க எட்டும் வரையலாம் என்று விற்றது தவறு.

கோப்பு மாற்றத்தில், ஓபிஎம்எல் (OPML) வடிவில், ஒரு கிளையிலிருந்து வேறொரு கிளைக்குப் போகும் குறுக்கு இணைப்புகள் விடுபடுவதற்கு உங்களைக் குறை சொல்ல மாட்டோம். அது வெறும் உள்தலைப்புப் பட்டியலுக்கான வடிவம். ஆனால் ஃப்ரீமைண்ட் (FreeMind) என்ற மனவோட்டவரை மென்பொருளின் எம்எம் (.mm) கோப்பில் குறுக்கு அம்புக்குறிக்கென்றே தனிக் கூறு உண்டு. நீங்கள் தரும் எம்எம் கோப்பை உரைத்தொகுப்பியில் திறந்து பார்த்தோம். கணுக்கள் இருக்கின்றன, அம்புக்குறிகள் ஒன்றுகூட இல்லை, குறிப்புரைகளும் இல்லை. எச்சரிக்கைச் செய்தியும் வரவில்லை. 'ஏற்றுமதி முடிந்தது' என்ற சொல்லை நம்பி மூலக் கோப்பை அழித்துவிடுபவரின் உழைப்பு என்னாவது?

எங்கள் கோரிக்கைகள்: 14 நாளுக்குள் ஆறு உரிமங்களுக்கான முழுத் தொகையையும் திருப்பித் தர வேண்டும். உரிமம் நின்ற பிறகும் எங்கள் கோப்புகளைத் திறந்து படிக்க வழி செய்ய வேண்டும். இரட்டிப்புக் குமிழி வரையும் வசதி வரும்வரை 'எட்டு வரைபடங்கள்' என்ற விளம்பர வரியை நீக்க வேண்டும்.

மேலே சொன்ன குறைகளைக் காட்டும் மூலக் கோப்புகளும் திரைப்பிடிப்புகளும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன.

இப்படிக்கு,
பயிற்றி தயாரிப்புக் குழுவினர்