ஃபிராங்க் மர்பியும் எங்கள் தெரு வீடும்

அன்புள்ள மக்கா,

நலம்தானே? மகள், மருமகன், பேரப்பிள்ளை எல்லாரும் சுகமா? இங்கே பத்து நாளாக மழை விட்டு விட்டுப் பெய்கிறது. பழையாறு கலங்கி ஓடுகிறது. நேற்று ஒழுகினசேரிப் பாலத்தில் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வந்தேன், காலேஜ் விட்டு வரும்போது சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு நாம் நிற்போமே, அதே இடம். வீட்டில் அவளுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. எனக்கு முட்டுவலிதான், அது போகட்டும்.

டெட்ராய்ட் கோர்ட்டு வாசலில் நின்று நீ எடுத்து அனுப்பிய போட்டோவைப் பற்றித்தான் இந்தக் கடிதம். ‘நீ கோர்ட்டுக்காரன்தானே, இந்தக் கை என்னது, யாருக்காக வைத்தது, பார்த்துச் சொல்லு’ என்று கேட்டிருந்தாய். உயரமான ஒரு தூண், அதன் உச்சியில் பெரிய கை, அந்தக் கையின் கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் கால் ஊன்றிக்கொண்டு உடம்பில் துணியில்லாத ஒருவன் ஆகாயத்தைப் பார்த்து நிற்கிறான். போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். அப்புறம் ஒரு மாசமாக இதே வேலையாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். முப்பத்திரண்டு வருஷம் நாகர்கோவில் கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க்காகவும் சிரஸ்தாராகவும் இருந்தவன், எத்தனையோ நீதிபதிகளைப் பக்கத்தில் நின்று பார்த்தவன், இப்படி ஒரு மனுஷரைப் பற்றி இத்தனை நாள் தெரியாமல் இருந்துவிட்டேனே என்று வருத்தமாக இருந்தது.

அந்தக் கட்டடம் ஃபிராங்க் மர்பி பெயரில் உள்ள கோர்ட்டு. சிலை அவர் நினைவாகக் கார்ல் மில்லஸ் என்ற ஸ்வீடன் நாட்டுச் சிற்பி செய்தது. பணம் கொடுத்தது கார் தொழிலாளர் சங்கம். ஒரு நீதிபதிக்காகத் தொழிற்சங்கம் காசு போட்டிருக்கிறது என்றதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

மர்பி பிறந்தது 1890இல், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஹியூரான் ஏரிக்கரையில் ஹார்பர் பீச் என்ற சின்ன ஊர். அயர்லாந்து வழிவந்த கத்தோலிக்கக் குடும்பம். சட்டம் படித்து, முதல் உலகப் போருக்குப் போய்வந்து, 1924 முதல் டெட்ராய்டில் குற்ற வழக்கு நீதிபதி, 1930இல் அதே ஊருக்கு மேயர், அப்புறம் பிலிப்பைன்ஸுக்கு கவர்னர் ஜெனரல், மிச்சிகனுக்கு கவர்னர், நாட்டுக்கே அட்டர்னி ஜெனரல், 1940இலிருந்து 1949இல் சாகும்வரை சுப்ரீம் கோர்ட்டு நீதிபதி. கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. போகும்போது வயது 59தான். இதெல்லாம் ஓட்டமாகச் சொல்லிவிட்டேன், எனக்குச் சொல்ல வேண்டியது வேறு.

1925 செப்டம்பரில் ஒசியன் ஸ்வீட் என்ற கறுப்பின டாக்டர் டெட்ராய்டில் கார்லண்ட் தெருவில் ஒரு வீடு வாங்கிக் குடிவந்தார். முனைவீடு, செங்கல் கட்டு. மற்றபடி தெரு முழுக்க வெள்ளைக்காரர்கள். குடிவந்த முதல் ராத்திரியே வாசலில் கூட்டம் கூடிவிட்டது, மறுநாள் அதைவிடப் பெரிய கூட்டம், கல்லெறி, கண்ணாடி உடைகிறது, போலீஸ் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறது. உள்ளே டாக்டர், அவர் மனைவி கிளாடிஸ், தம்பிகள், கூட்டுக்காரர்கள் என்று 11 பேர். பயத்தில் மாடியிலிருந்து சுட்டார்கள், வெளியே ஒருவர் செத்தார், ஒருவருக்குக் காயம். 11 பேர் மேலும் கொலைக் கேஸ். மற்ற நீதிபதிகள் இந்தக் கேஸ் தங்கள் பக்கம் வந்துவிடக் கூடாதே என்று ஒதுங்கி நிற்க, 35 வயது மர்பி அதைத் தானே எடுத்துக்கொண்டார். கிளாடிஸுக்கு ஜாமீன் கொடுத்தார். ஜூரியில் 12 பேரும் வெள்ளைக்காரர்கள். பிரதிவாதிகளுக்காக கிளாரன்ஸ் டாரோ என்ற பேர்பெற்ற வக்கீல் வந்தார். ஒருவனுக்கு அவன் வீட்டுக்குள் இருந்து தன்னைக் காத்துக்கொள்ள உரிமை உண்டு, அது கறுப்பனுக்கும் வெள்ளைக்காரனுக்கும் ஒன்றுதான் என்று ஜூரிக்கு மர்பி எடுத்துச் சொன்னார். முதல் விசாரணையில் ஜூரி ஒத்துவரவில்லை, கேஸ் கலைந்தது. 1926 மே மாதம் டாக்டரின் தம்பி ஹென்றியை மட்டும் தனியாக விசாரித்தபோது விடுதலை. மற்றவர்கள் மேல் இருந்த கேஸையும் அடுத்த வருஷம் விட்டுவிட்டார்கள்.

ஆனால் அந்த வீட்டில் குடும்பமாக வாழ அவர்களுக்குக் கிடைக்கவில்லை மக்கா. குழந்தை காசநோயில் போனது, இரண்டு வருஷத்தில் கிளாடிஸும் அதே நோயில். டாக்டர் 1960இல் தற்கொலை செய்துகொண்டார். தீர்ப்பு ஜெயித்த பிறகு அந்தக் குடும்பத்துக்கு என்ன ஆனது என்று கோர்ட்டுக் கேஸ் கட்டில் எங்கேயும் இருக்காது, அது எனக்கு நன்றாகத் தெரியும், அதனால் இந்த இடத்தில் இரண்டு நாள் மேலே படிக்க முடியாமல் மூடி வைத்துவிட்டேன்.

1926 என்ற வருஷத்தைப் பார்த்ததும் எனக்கு சுசீந்திரம் ஞாபகம் வந்தது. அதே 1926இல்தானே கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் எல்லாரும் நடக்க வேண்டும் என்று இங்கே சத்தியாக்கிரகம் இருந்தார்கள், கோட்டாற்று டாக்டர் எம்.இ. நாயுடு எல்லாம் முன்னால் நின்று. கோயில் உள்ளே போகக்கூட அல்ல, வெளியே ரோட்டில் நடக்க. ஆலயப் பிரவேசப் பிரகடனம் வர 1936 நவம்பர் 12 ஆகிவிட்டது. அங்கே ஒரு தெருவில் வீடு, இங்கே ஒரு தெருவில் நடை. தேர்த் திருவிழாவுக்கு நானும் நீயும் தெப்பக்குளத்துப் படியில் உட்கார்ந்து கடலை தின்ற அதே தெரு. அன்றைக்கு நமக்கு இதெல்லாம் யாரும் சொல்லவில்லை.

சரி, மேயர் விஷயம். நம்ம ஊர் 2019இல் மாநகராட்சி ஆகி, 2022இல் முதல் மேயர் வந்தாயிற்று, உனக்குத் தெரிந்திருக்கும். மேயர் என்றால் குப்பை, குடிதண்ணீர், ரோடு என்றுதான் நாம் நினைப்போம். மர்பி மேயரானபோது டெட்ராய்டில் கார் கம்பெனிகள் ஆளை வேலையை விட்டு அனுப்பிக்கொண்டிருந்த காலம், ஊரில் வேலையில்லாதவர்கள் எங்கே பார்த்தாலும். அவர் செய்த ஒன்று என் மனசில் நிற்கிறது: மூடிக்கிடந்த தொழிற்சாலைக் கட்டடத்தைத் திறந்து வீடில்லாத ஆண்களுக்குப் படுக்கவும் சாப்பிடவும் இடம் செய்தார், சும்மா கிடந்த மனைகளில் காய்கறி போட்டுக்கொள்ள ஜனங்களுக்கு நிலம் பிரித்துக் கொடுத்தார். எல்லாம் சரியாகிவிடவில்லை, நகரத்தின் கையில் பணம் தீர்ந்து உதவிப் பட்டியலைக் குறைக்க வேண்டிய நிலையும் அவருக்கு வந்தது. அப்போதுதான் மற்ற ஊர் மேயர்களையும் கூட்டி வாஷிங்டனிடம் கேட்போம் என்று கிளம்பினார். 1932இல் உருவான அமெரிக்க மேயர்கள் மாநாட்டுக்கு முதல் தலைவர் அவர்தான்.

கவர்னராக இருந்தபோது ஃபிளின்ட் ஊரில் ஜெனரல் மோட்டார்ஸ் தொழிலாளர்கள் ஆலைக்குள்ளேயே உட்கார்ந்து 44 நாள் வேலைநிறுத்தம் செய்ததை உன் மருமகனிடம் கேள், அவருக்குத் தெரிந்திருக்கும். வெளியேற்றச் சொல்லி கோர்ட்டு உத்தரவு இருந்தது. மர்பி படையை அனுப்பினார், ஆனால் தொழிலாளர்களை அடித்து விரட்ட விடவில்லை. இரண்டு பக்கத்தையும் உட்காரவைத்துப் பேசினார், 1937 பிப்ரவரி 11இல் உடன்பாடு. ரத்தக்களறியாகப் போயிருக்க வேண்டியது. 1938 தேர்தலில் அவரைத் தோற்கடித்தார்கள். அந்தச் சிலைக்குச் சங்கம் ஏன் பணம் கொடுத்தது என்று இப்போது விளங்குகிறதா?

இனிமேல்தான் நான் சொல்ல வந்தது. 1942இல் ஜப்பானோடு போர் நடக்கும்போது ஜனாதிபதி ரூஸ்வெல்ட் உத்தரவின் பேரில் மேற்குக் கரையில் இருந்த ஜப்பானிய வம்சாவளிக்காரர்களை, அமெரிக்காவிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் உட்பட ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை, முகாமில் கொண்டுபோய் அடைத்தார்கள். முதலில் சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்தது ஹிராபயாஷி என்ற மாணவனின் கேஸ், ஊரடங்கை மீறினான் என்று. 1943. மர்பிக்கு அது தப்பு என்று தெரிந்தது, எதிர்த்துத் தீர்ப்பே எழுதிவிட்டார். ஆனால் போர்க் காலத்தில் கோர்ட்டு ஒரே குரலில் பேச வேண்டும் என்று சக நீதிபதி ஃபிராங்க்ஃபர்ட்டர் விடாமல் எழுதி எழுதி வற்புறுத்த, கடைசியில் மர்பி தன் எதிர்ப்பை மாற்றி, இது அரசியல் சட்டத்தின் விளிம்பு வரைக்கும் வந்துவிட்டது என்று மனத்தாங்கலோடு எழுதி, சேர்ந்து கையெழுத்துப் போட்டார். தீர்ப்பு ஏகமனதாக வந்தது.

ஒன்றரை வருஷம் கழித்து, 1944 டிசம்பர் 18, கோரெமட்சு கேஸ். வெல்டிங் வேலை பார்த்த ஒரு பையன், வீட்டை விட்டுப் போக மாட்டேன் என்றவன். ஆறு நீதிபதிகள் அரசாங்கத்தின் பக்கம். மூன்று பேர் எதிர்த்தார்கள், அதில் மர்பி ஒருவர். இந்தத் தடவை அவர் விளிம்பு என்று எழுதவில்லை. இது விளிம்பைத் தாண்டி இனவெறி என்ற அருவருப்பான படுகுழிக்குள் விழுகிறது என்று எழுதினார். அதே விளிம்பு என்ற வார்த்தையை எடுத்து, தான் முன்னால் நின்ற இடத்தைத் தானே காட்டுகிற மாதிரி. மாலைச் சாப்பாட்டுக்கு அவள் கூப்பிட்டும் எழுந்திருக்க முடியவில்லை எனக்கு. கோரெமட்சு மேல் இருந்த தண்டனையை 1983இல் ரத்து செய்தார்கள், அந்தத் தீர்ப்பு போட்ட நாளிலேயே தப்பு என்று சுப்ரீம் கோர்ட்டே சொன்னது 2018இல். மர்பி போய் அப்போது 69 வருஷம் ஆகியிருந்தது.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். 1999இல், நீ அங்கே போய்ச் சேர்ந்த புதிது, எங்கள் தெருவில் கிணற்றுக்கு அடுத்த ஓட்டு வீடு விலைக்கு வந்தது. ஆறு சென்ட், பின்னால் ஒரு வருக்கப் பிலா. வாங்க வந்தவர் ஒரு வாத்தியார், அட்வான்ஸும் கொடுத்துவிட்டார். அவர் யார், எந்த ஆள் என்று தெரிந்ததும் தெருவில் நாலு பேர் எதிர் வீட்டுப் படிப்புரையில் கூடினார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். ‘நீ கோர்ட்டில் இருக்கிறவன், நாங்கள் வேண்டாமென்று சொல்வதில் சட்டப்படி ஏதாவது சிக்கல் உண்டா?’ என்று கேட்டார்கள். இது தப்பு என்று சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் போதும். நான் வாயைத் திறக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர்கள் அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டார்கள், விற்கிறவரிடம் போய்ச் சொன்னார்கள், அட்வான்ஸ் திரும்பிப்போனது. நாலு நாள் கழித்து வாத்தியார் குடையை மடக்கிக்கொண்டு என் வீட்டு நடையில் வந்து நின்று, ‘சார், உங்களுக்கு ஏதாவது தெரியுமா, நான் ஏதாவது தப்பாகப் பேசிவிட்டேனா?’ என்று கேட்டார். எனக்கு ஒன்றும் தெரியாது என்றேன். கூட அவர் மகள், ஏழெட்டு வயது இருக்கும், என் மடியில் இருந்த பூனையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றது.

இந்தப் புரட்டாசியில் அதே தெருவில் இன்னொரு வீடு. வாங்க வந்தது ஒரு சின்ன வயசு ஜோடி, அந்தப் பெண் நர்ஸ். மறுபடி அதே படிப்புரை, அப்போது இருந்தவர்களின் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள், மறுபடி அதே கேள்வி என்னிடம். நான் எழுந்து நின்றுதான் பேசினேன், கால் நடுங்கியது. ‘1999இல் நான் பேசாமல் இருந்து ஒரு வாத்தியாரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். இந்தத் தடவை அந்தப் பையன் கேஸ் போட்டால் இங்கே என்ன பேசினீர்கள் என்று நான் சாட்சி சொல்வேன்’ என்றேன். ஒருத்தரும் பதில் பேசவில்லை. இப்போது இரண்டு வீட்டில் என்னோடு பேச்சு இல்லை, கோயில் வரி வாங்க வந்தவன்கூட வாசலிலேயே நின்றுவிட்டுப் போனான். அவள்தான் கொஞ்சம் பயப்படுகிறாள். ஆனால் போன புதன்கிழமை ரிஜிஸ்தர் முடிந்துவிட்டது.

வாத்தியாரைத் தேடினேன். மார்த்தாண்டம் பக்கம் இருந்தார் என்றும் ஐந்து வருஷத்துக்கு முன்னால் போய்விட்டார் என்றும் சொன்னார்கள். மகள் கல்யாணமாகி எங்கேயோ வெளியூரில். விலாசம் கிடைத்தால் எழுதுவேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டில் பால்காய்ச்சு. அவர்கள் வந்து வெற்றிலை பாக்கு வைத்து அழைத்துவிட்டுப் போனார்கள். தோவாளைக்குப் போய் நானே பூ வாங்கி வரலாம் என்றிருக்கிறேன், மழை விட்டால்.

நீ ஒரு உபகாரம் செய். கார்லண்ட் தெருவில் அந்த டாக்டரின் வீடு இன்றைக்கும் அப்படியே இருக்கிறதாம். மருமகனுக்கு லீவு உள்ள ஒரு நாள் காரில் போய், வெளியே நின்றே, ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. மாடி ஜன்னல் தெரிகிற மாதிரி எடு.

உன்
பழைய கூட்டுக்காரன்