பிறந்த குழந்தையை முதலில் தாயிடம் கொடுங்கள்

தனியார் மகப்பேறு மருத்துவமனைகளை நடத்தும் மருத்துவர்களுக்கும் நிர்வாகிகளுக்கும்,

வணக்கம்.

பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுக்க வேண்டும் என்பதை நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நீங்கள் படித்ததும் அதுதான், உங்கள் வரவேற்பறைச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருப்பதும் அதுதான். எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: அந்த ஒரு மணி நேரத்தில் குழந்தையை எங்கே வைத்திருக்கிறீர்கள்?

நான் அங்கன்வாடியில் பல ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கர்ப்பிணிகளுக்குச் சத்துமாவு கொடுப்பதோடு, சீம்பாலைப் பீய்ச்சிக் கீழே ஊற்றிவிடாதீர்கள் என்று வீடு வீடாகப் போய்ச் சொல்வதும் எங்கள் வேலை. முன்பெல்லாம் எங்கள் பக்கத்துக் கிராமங்களில், மஞ்சளாக வரும் முதல் பாலைக் கெட்ட பால் என்று நினைத்துப் பீய்ச்சிவிடுவார்கள். குழந்தையின் நாக்கில் சர்க்கரைத் தண்ணீரையோ தேனையோ தொட்டுவைப்பார்கள். சேனை வைப்பது என்று அதற்குப் பெயர். மாமியார்களிடம் கெஞ்சியும், சில வீடுகளில் வாக்குவாதம் செய்தும், அந்தப் பழக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தோம். வீட்டில் விட்டுப்போன அந்தச் சேனையை இன்று டின் பாலாக, பில் போட்டு, மருத்துவமனையே வைக்கிறது. இதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

சமீபத்தில் என் மகளுக்குத் தலைப்பிரசவம். மருத்துவமனையின் பெயர் இங்கே வேண்டாம். இந்த வழக்கம் அந்த ஒரு மருத்துவமனையோடு நிற்கவில்லை என்பது, விவரம் சொன்ன மற்ற தாய்மார்களிடமிருந்து எனக்குத் தெரியும். சிசேரியன் செய்தார்கள். முதுகில் ஊசி போட்டுத்தான் செய்தார்கள், முழு மயக்கம் கிடையாது. குழந்தை வீறிட்டு அழுததை அவள் கேட்டாள். முகத்தை ஒரு தடவை காட்டிவிட்டு, குழந்தையைக் கண்காணிப்பு அறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். எடை நன்றாக இருக்கிறது, மூச்சு நன்றாக இருக்கிறது, ஒரு குறையும் இல்லை என்று குழந்தை மருத்துவரே எங்களிடம் சொன்னார். அப்படியென்றால் ஏன் தனியாக வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். "இங்கே அப்படித்தாம்மா வழக்கம்" என்று நர்ஸ் சொன்னார்.

கொஞ்ச நேரத்தில் ஒரு சீட்டு வந்தது. கீழே உள்ள மருந்துக் கடையில் ஒரு டின் பால் பவுடரும் ஒரு பாட்டிலும் வாங்கி வர வேண்டுமாம். அம்மாவுக்கு இன்னும் பால் வரவில்லை, பாப்பா பசியில் அழுகிறது என்றார்கள். என் மகளின் மார்பை அதுவரை ஒருவரும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. குழந்தையை ஒரு தடவைகூட மார்பில் வைக்கவில்லை. பிறகு பால் வரவில்லை என்பது யாருக்கு எப்படித் தெரிந்தது? குழந்தையைக் கொண்டுவாருங்கள், வைத்துப் பார்க்கிறோம் என்றேன். டாக்டர் ரவுண்ட்ஸ் வரட்டும் என்றார்கள். நான் சீட்டை வாங்க மறுத்தேன். மருமகன் வாங்கிக்கொண்டு கீழே ஓடினார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. குழந்தைக்குச் சர்க்கரை இறங்கிவிட்டால் யார் பொறுப்பு என்று கேட்டால், எந்தத் தகப்பன் நின்று வாதாடுவான்?

சாயங்காலம் குழந்தை அறைக்கு வந்தது. வயிறு நிறைய டின் பால், கண்ணில் தூக்கம். மார்பில் வைத்தால் வாயே திறக்கவில்லை.

உங்களுக்குத் தெரிந்ததைத்தான் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் குழந்தையின் வயிறு ஒரு கோலிக்குண்டு அளவு. ஒரு தடவைக்கு ஒரு டீஸ்பூன் சீம்பால் அதற்குப் போதும். தாய்க்கு அந்த நேரத்தில் வருவதும் அவ்வளவுதான். நோய் எதிர்ப்புச் சக்தி அதில்தான் இருக்கிறது, குழந்தையின் வயிற்றிலுள்ள கறுப்பு மலம் வெளியேற உதவுவதும் அதுதான். குழந்தை சப்பச் சப்பத்தான் பால் சுரக்கும். சிசேரியன் ஆன தாய்க்குப் பால் இறங்க இன்னும் கொஞ்சம் தாமதமாகலாம், அதனால் அவளுக்குத்தான் குழந்தை அடிக்கடி சப்புவது மிகவும் தேவை. பாட்டில் பாலால் பசி அடங்கிய குழந்தை சப்பாது. சப்பாவிட்டால் சுரப்பு கூடாது. சுரப்பு கூடவில்லை என்றதும், "பார்த்தீங்களா, பால் பத்தலை" என்று அடுத்த டின்னுக்குச் சீட்டு வரும். பால் பத்தாத தாயை இப்படித்தான் உருவாக்குகிறோம்.

மூன்றாம் நாள் ராத்திரி என் மகளுக்குப் பால் கட்டிக்கொண்டது. மார்பு இறுகி, தோல் பளபளத்து, கை பட்டாலே கத்தினாள். காய்ச்சலும் வந்தது. வயிற்றில் தையல், நிமிர்ந்து உட்கார முடியவில்லை. பாட்டில் ரப்பருக்குப் பழகிவிட்ட குழந்தை மார்பில் வாய் வைப்பதும், வரவில்லை என்று வீறிடுவதுமாக இருந்தது. "எனக்குக் குழந்தைக்குப் பால் கொடுக்கக்கூடத் தெரியலையேம்மா" என்று அவள் அழுதாள். படித்த பெண், வேலைக்குப் போகிற பெண். பெற்றவுடனே ஒரு தாய் தன்னைப் பற்றி முதலில் கற்றுக்கொண்டது இதுதான் என்றால், அந்தப் பாடத்தை அவளுக்கு நடத்தியது யார்?

மணியை அழுத்தினோம். வந்த நர்ஸுக்கு இருபது வயதுக்கு மேல் இருக்காது. பகல் ஷிப்டு முடிந்து ராத்திரி ஷிப்டும் அவர்தான் பார்த்தார். அந்தத் தளம் முழுவதற்கும் ஒருவர். காய்ச்சலுக்கு மாத்திரை கொடுத்துவிட்டு, பாவம், அடுத்த அறைக்கு ஓடினார். அவர்மேல் எனக்குக் கோபம் கிடையாது.

உதவிக்கு வந்தது அறையைப் பெருக்க வந்த ஆயாம்மா. வெந்நீரில் துணியை நனைத்து ஒத்தடம் கொடுக்கச் சொன்னார். காம்பைச் சுற்றியுள்ள கறுப்பு வட்டத்தை விரலால் மெதுவாக அழுத்தி, கொஞ்சம் பாலைப் பீய்ச்சி இளக்கிவிட்டார். அப்புறம் குழந்தையைத் தாயின் மடியில் குறுக்கே போடாமல், பக்கவாட்டில் தலையணை வைத்து, குழந்தையின் கால் தாயின் முதுகுப் பக்கம் போகும்படி கைக்கு அடியில் படுக்கவைத்தார். தையலில் குழந்தையின் எடை படவில்லை. காம்பால் குழந்தையின் மேலுதட்டைத் தொட்டுக் காத்திருந்து, வாயை அகலத் திறந்த நொடியில் காம்பு மட்டுமல்லாமல் கறுப்பு வட்டமும் உள்ளே போகும்படி சேர்த்துப் பிடித்தார். குழந்தை சப்பியது, விழுங்குகிற சத்தம் கேட்டது. எல்லாம் சேர்த்துக் கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. நானும் இதை எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்தவள்தான். ஆனால் தையலோடு இருக்கும் பெண்ணுக்கு எப்படிப் பிடிப்பது என்பதை அவரிடம்தான் பார்த்தேன்.

அந்தக் கால் மணி நேரத்தை உங்கள் மருத்துவமனை முதல் நாளே என் மகளுக்குக் கொடுத்திருக்கலாம். முழுப் பணம் கட்டியிருந்தோம். அறைக்கு, ஆபரேஷனுக்கு, கண்காணிப்புக்கு எல்லாவற்றுக்கும் பில்லில் வரி இருந்தது. பால் கொடுக்கக் கற்றுத்தர மட்டும் ஆள் இல்லை.

இப்படி வழக்கமாக டின் பாலுக்குச் சீட்டு எழுதுவது சட்டத்தின் நோக்கத்துக்கும் ஒத்துவராது. பால் பவுடரையும் பாட்டிலையும் விளம்பரம் செய்யவும், தாய்மார்களுக்கு இலவசமாகக் கொடுக்கவும், விற்பனைக்காக மருத்துவப் பணியாளர்களுக்குப் பணமோ பரிசோ தரவும் 1992லேயே மத்திய அரசு தடைச் சட்டம் போட்டது. 2003இல் அதை இன்னும் இறுக்கினார்கள். மீறினால் 3 ஆண்டு வரை சிறை. டின்னில் குழந்தையின் படம்கூடப் போடக் கூடாது, தாய்ப்பாலே சிறந்தது என்று அச்சிட வேண்டும், மருத்துவப் பணியாளரின் ஆலோசனையில் மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்றும் அச்சிட வேண்டும். அதாவது, டின் பாலுக்கும் குழந்தைக்கும் நடுவில் காவலாக இந்தச் சட்டம் உங்களைத்தான் நிறுத்தியிருக்கிறது. உங்கள் ஆலோசனை எங்களுக்கு வழக்கமாக எழுதுகிற சீட்டாக வந்தது.

1989இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் சேர்ந்து மகப்பேறு மருத்துவமனைகளுக்கென்று 10 படிகள் வகுத்தன. மருத்துவக் காரணம் இல்லாமல் தாய்ப்பாலைத் தவிர வேறு எதையும் கொடுக்காதே, தாயையும் குழந்தையையும் 24 மணி நேரமும் ஒரே அறையில் வை என்பதெல்லாம் அதில் இருக்கிறது. எல்லாம் பழைய செய்தி.

எங்கள் காலத்தில் வீட்டுப் பிரசவத்தைக் காரணம் சொன்னார்கள். இன்று அதையும் சொல்ல முடியாது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99.6 விழுக்காடு பிரசவங்கள் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. ஆனால் முதல் ஒரு மணி நேரத்தில் தாய்ப்பால் கிடைத்த குழந்தைகள் ஏறக்குறைய 60 விழுக்காடுதான். மீதிக் குழந்தைகள் அந்த நேரத்தில் எங்கே இருந்தன? உங்கள் கூரைக்கும் அரசு மருத்துவமனைகளின் கூரைக்கும் கீழேதான். தனியார் மருத்துவமனைப் பிரசவங்களில் 100க்கு சுமார் 64 சிசேரியன் என்றும் அதே ஆய்வு சொல்கிறது. அத்தனை ஆபரேஷனும் அவசியமா என்பதை இன்னொரு நாள் கேட்கிறேன். ஆனால் இவ்வளவு பேருக்கு வயிற்றைக் கிழித்துப் பிரசவம் பார்க்கிறீர்கள் என்றால், கிழித்த வயிற்றோடு பால் கொடுப்பது எப்படி என்று சொல்லித்தருகிற பொறுப்பும் உங்களுடையதுதானே?

அரசுக்கும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆகஸ்டு முதல் வாரம் தாய்ப்பால் வாரம் என்று பேரணியும் கோலப் போட்டியும் நடக்கின்றன, நானும் நடத்தியிருக்கிறேன். 2015இல் பேருந்து நிலையங்களில் திறந்த பாலூட்டும் அறைகளில் எத்தனை இன்று திறந்திருக்கின்றன என்று அந்த வாரத்தில் ஒரு நடை போய்ப் பார்த்தால் நன்றாக இருக்கும். அரசு ஊழியருக்கு ஓராண்டு மகப்பேறு விடுப்பு 2021 முதல் கிடைக்கிறது, மகிழ்ச்சி. துணிக்கடையில் நிற்கிற பெண்ணுக்கும் சித்தாள் வேலை பார்க்கிற பெண்ணுக்கும் சுரப்பதும் பால்தானே? அவர்கள் பேறுகாலம் முடிந்த கையோடு வேலைக்கு ஓடுகிறார்கள். உறவுக்காரர்களும் சும்மா இருப்பதில்லை. குழந்தை பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேர், "பால் பத்துதா?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருகிறார்கள். பிள்ளை பெற்றவள் காதில் விழுகிற முதல் கேள்வியே அதுவாக இருந்தால் அவளுக்கு எங்கிருந்து தைரியம் வரும்?

பேச்சு எங்கேயோ போய்விட்டது, மன்னிக்கவும். உங்களிடம் கேட்க வந்ததற்கு வருகிறேன்.

தாயும் குழந்தையும் நலமாக இருந்தால், சுகப்பிரசவமோ சிசேரியனோ, முதல் ஒரு மணி நேரத்துக்குள் குழந்தையைத் தாயின் மார்பில் வையுங்கள். தாய் விழித்திருக்கும்போது இதற்குத் தனிக் கருவி எதுவும் வேண்டாம், பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் போதும். தாயைக் கேட்காமல் டின் பால் கொடுக்காதீர்கள். சில குழந்தைகளுக்கு அது தேவைப்படும் என்பது எனக்குத் தெரியும். குறை மாதம், சர்க்கரைக் குறைவு, தாய்க்கே உடம்பு மிகவும் மோசம் என்ற நிலைகள் உண்டு. அப்போது காரணத்தைத் தாயிடம் சொல்லி, கேஸ் ஷீட்டில் எழுதி, பாட்டிலைத் தவிர்த்துப் பாலாடையில் கொடுங்கள். அரசு மருத்துவமனைகள் சிலவற்றில் தாய்ப்பால் வங்கி இருக்கிறது, அங்கே கேட்டுப் பார்க்கவும் வழி செய்யுங்கள். வார்டில் பால் கொடுக்கச் சொல்லித்தருவதற்கென்றே ஒருவரை நியமியுங்கள். அந்த ஆயாம்மாவைப் போன்றவர்கள் உங்களிடமே இருக்கிறார்கள். அவர்களுக்கு முறையான பயிற்சியும் அதற்கேற்ற சம்பளமும் கொடுங்கள்.

பிரசவத்துக்குச் சேரும்போது எத்தனையோ தாள்களில் கையெழுத்து வாங்குகிறீர்கள். "என்னைக் கேட்காமல் என் குழந்தைக்கு வேறு பால் கொடுக்க வேண்டாம்" என்ற ஒரு வரியையும் அதில் சேர்த்துவிடுங்கள். தாய்மார்கள் சந்தோஷமாகக் கையெழுத்துப் போடுவார்கள். தயவுசெய்து அடுத்த பிரசவத்திலிருந்தே இதைத் தொடங்குங்கள்.

நன்றியுடன்,
ஓய்வுபெற்ற அங்கன்வாடிப் பணியாளர் ஒருவர்