ஆறாம் வகுப்பு அட்மிஷன் டெஸ்ட் விஷயமும் லவ்டேல் டூரும்

அன்புள்ள அப்பா அம்மாக்களுக்கும், தினமும் பேரப்பிள்ளைங்கள கேட் வரைக்கும் கொண்டு வந்து விடுற தாத்தா பாட்டிங்களுக்கும் வணக்கம்ங்க.

போன வாரம் பி.டி.ஏ மீட்டிங் ரெண்டு மணி நேரம் நடந்துச்சு, அதுல ஒரு மணி நேரம் ஒரே பேச்சுதான். ஆறாம் வகுப்பு சேர்க்க டெஸ்ட் வைக்கணும், பெத்தவங்களுக்கும் ஒரு இன்டர்வியூ வைக்கணும், அப்பத்தான் நம்ம ஸ்கூலுக்கு வெளிய ஒரு மதிப்பு வரும்னு சில பேர் சொன்னீங்க. ஒருத்தர் எழுந்து நின்னு "ஊட்டி பக்கத்துல லவ்டேல் லாரன்ஸ் ஸ்கூல பாருங்க சார், லண்டன்ல ஈட்டன் ஸ்கூல பாருங்க, கண்டவங்களயும் சேர்த்திருந்தா அந்தப் பேரு வந்திருக்குமா"ன்னு கேட்டாரு. வெளிய மழை, கரண்ட் வேற போயிருச்சு, நானும் ஏதோ மழுப்பிட்டு மீட்டிங்க முடிச்சிட்டேன். வீட்டுக்குப் போய் கம்பளிய போத்திக்கிட்டு உக்காந்தப்புறம்தான் சொல்ல வேண்டியதெல்லாம் வரிசையா ஞாபகம் வருது (வாத்தியாருங்களுக்கு எப்பவும் அப்படித்தான், பெல் அடிச்சப்புறம்தான் நல்ல உதாரணம் வாயில வரும்). அதான் இந்த லெட்டர். கொஞ்சம் நீளமா போகும், டூர் விவரம் மட்டும் வேணும்ங்கிறவங்க நேரா கடைசிக்குப் போயிருங்க.

முதல்ல ஈட்டன். அது லண்டன்ல இல்லைங்க, கொஞ்சம் தள்ளி, தேம்ஸ் ஆத்துக்கு இந்தக் கரையில ஸ்கூல், அந்தக் கரையில வின்ட்சர் கோட்டை. 1440ல இங்கிலாந்து ராஜா ஆறாம் ஹென்றி ஆரம்பிச்சது, அப்ப அவருக்கு வயசு 18தான், நம்ம பிளஸ் டூ முடிச்ச பையன் வயசு. யாருக்காகன்னு கேட்டா, ஏழைப் பசங்க 70 பேருக்காக. படிப்பு இலவசம், சாப்பாடு இலவசம், தங்குற இடம் இலவசம், நல்லா படிச்சா கேம்பிரிட்ஜ்ல அதே ராஜா அடுத்த வருஷம் கட்ட ஆரம்பிச்ச கிங்ஸ் காலேஜுக்குப் போகலாம். 1461ல ராஜாவோட பதவி போச்சு, புதுசா வந்தவரு ஸ்கூல் சொத்துல பாதிய வின்ட்சருக்கு அள்ளிட்டுப் போக ஆரம்பிச்சாரு, கட்டிக்கிட்டிருந்த சர்ச்சும் அரைகுறையா நின்னுச்சு. இன்னைக்கு போட்டோல பாத்து நாம வாயப் பொளக்குற அந்தப் பெரிய சர்ச், அவரு மனசுல நெனச்சதுல ஒரு பாகம்தான்.

சரி, ஏழைப் பசங்க ஸ்கூல் எப்படி பணக்காரங்க ஸ்கூல் ஆச்சு? ஒரே நாள்ல ஆகல, யாரும் வந்து பிடுங்கிக்கவும் இல்ல. இந்த 70 பேர் போக, வெளி ஊர் பசங்க டவுன்ல ரூம் எடுத்துத் தங்கி, செலவ அவங்களே பாத்துக்கிட்டா கூட உக்காந்து படிக்கலாம்னு ஒரு விதி இருந்துச்சு. அந்தப் பசங்களுக்கு ஆப்பிடன்னு பேரு, லத்தீன்ல டவுன்காரன்னு அர்த்தம். கதவ கொஞ்சம் தொறந்து வச்சாங்க, அவ்வளவுதான், நூறு வருஷம் இருநூறு வருஷம் போகப் போக பெரிய வீட்டுப் பசங்க கூட்டம் கூடிக்கிட்டே போச்சு. இப்ப அங்க சுமார் 1,300 பசங்க படிக்கிறாங்க, அந்த பழைய 70 சீட்டு இன்னும் 70தான். வருஷ ஃபீஸ் 50,000 பவுண்டுக்கு மேல. பிரிட்டிஷ் பிரதமர்கள்ல 20 பேர் அங்க படிச்சவங்க.

இன்னொன்னு சொல்றேன், யாருக்காக ஸ்கூல் ஆரம்பிச்சாங்களோ அந்த இலவச சீட்டு பசங்க நிலைமைதான் ரொம்ப நாளைக்கு அங்க மோசமா இருந்துச்சு. லாங் சேம்பர்னு ஒரே ஒரு நீள ஹால், ராத்திரி ஆனா உள்ள விட்டுப் பூட்டிருவாங்க, குளிரு, எலி, பெரிய பசங்க அடி. காசு கட்டுற பசங்க அதே நேரத்துல டவுன் வீடுகள்ல இருந்தாங்க. கீட்னு ஒரு ஹெட்மாஸ்டர், 1832ல ஒரே ராத்திரியில 80 பசங்களுக்கு மேல பிரம்படி குடுத்தவருன்னு பேரு எடுத்தாரு. நம்ம ஸ்கூல் பழைய பி.டி. மாஸ்டர பத்தி இன்னும் கதை சொல்லி நடுங்குறவங்க இருக்கீங்க, இவரு பக்கத்துல அவரு சாமிங்க.

ஹாரோ ஸ்கூல் கதை இன்னும் பக்கத்துல வருது, நேரு 1905ல போய் படிச்ச ஸ்கூல் அது. ஜான் லயன்னு ஒரு விவசாயி, ஹாரோ கிராமத்துக்காரரு, எங்க ஊர் பசங்க காசில்லாம படிக்கணும்னு 1572ல எலிசபெத் ராணிகிட்ட சாசனம் வாங்கி வச்சாரு. வெளியூர் பசங்களும் ஃபீஸ் கட்டி சேரலாம்னு ஒரு வரி இருந்துச்சு, அப்படி வந்தவங்களுக்கு அங்க ஃபாரினர்னே பேரு. கடைசியில ஃபாரினருங்கதான் ஸ்கூலே, உள்ளூர்க்காரன் பையன் விரல் விட்டு எண்ணுற அளவுக்கு ஆயிட்டான். 1868ல பப்ளிக் ஸ்கூல்ஸ் ஆக்ட்னு ஒரு சட்டம் வந்து ஏழு பெரிய ஸ்கூல்களோட நிர்வாகத்த மாத்தி அமைச்சுது, 1876ல உள்ளூர் பசங்களுக்குன்னு தனியா ஒரு சின்ன ஸ்கூல் தொறந்து அங்க போங்கப்பான்னு விட்டுட்டாங்க. ரக்பியிலயும் இதே கதைதான், அந்த விளையாட்டுக்குப் பேரு குடுத்த ஸ்கூல், 1567ல லாரன்ஸ் ஷெரிஃப்ங்கிற மளிகை வியாபாரி எழுதி வச்ச சொத்துல ஆரம்பிச்சது, அங்கயும் 1878ல ஊர்ப் பசங்களுக்கு தனி ஸ்கூல். பப்ளிக் ஸ்கூல்னு பேரு வச்சிட்டு பொது ஜனம் உள்ள போக முடியலயேன்னு எங்கிட்ட எட்டாம் வகுப்புப் பொண்ணு ஒருத்தி கேட்டா. எந்த ஊர்க்காரனா இருந்தாலும் ஃபீஸ் கட்டினா சேரலாம், அந்த அர்த்தத்துலதான்மா பப்ளிக்னு சொன்னேன். "அப்ப பஸ் மாதிரி சார், டிக்கெட் எடுத்தாதான்"னா. நான் இத்தன வருஷம் பாடம் நடத்தி இவ்வளவு சுருக்கமா சொன்னதில்ல.

இப்ப டெஸ்ட் விஷயத்துக்கு வர்றேன். ஈட்டன், வின்செஸ்டர் மாதிரி ஸ்கூல்கள்ல அந்த இலவச சீட்ட முன்ன எல்லாம் தெரிஞ்சவங்களுக்கு, சிபாரிசு புடிச்சவங்களுக்குக் குடுத்துக்கிட்டிருந்தாங்க. அது அநியாயம்னு சொல்லி 1800கள் நடுவுல போட்டித் தேர்வு கொண்டு வந்தாங்க, நல்ல எண்ணத்துலதான். ஆனா தேர்வுல என்ன கேட்டாங்க? லத்தீன், கிரேக்கம். ஒம்பது பத்து வயசுல லத்தீன் கிரேக்கம் சொல்லிக் குடுக்குறதுக்குன்னே தனி ஸ்கூல்கள், அதுக்குத் தனி ஃபீஸ். மார்க் எடுத்தவனுக்கு சீட்டு, மார்க் எடுக்க காசு இருந்தவனுக்கு மார்க்கு. ஏழைக்குன்னு ராஜா எழுதி வச்ச சீட்டு, ஒரு கொஸ்டின் பேப்பர் வழியா, யாருக்கும் மனசு உறுத்தாம கை மாறிப் போச்சு. சிபாரிசுல பறிச்சா திருட்டுன்னு சொல்லலாம், டெஸ்ட்ல பறிச்சா தெறமைன்னு சொல்லிருவாங்க. மீட்டிங்ல நான் சொல்ல விட்டது இதுதான்.

நம்ம லவ்டேலுக்கு வருவோம். இங்க இருக்குற பாதி பேருக்கு அந்த மணிக்கூண்டு தெரியும், உள்ள போய் பாத்தவங்க ரொம்பக் கம்மி. ஹென்றி லாரன்ஸ்னு ஒரு வெள்ளைக்கார அதிகாரி, வெள்ளைக்காரப் பட்டாளத்து சிப்பாய்ங்களோட பிள்ளைங்க சமவெளி வெயில்லயும் நோயிலயும் பாரக்ஸ்ல கிடந்து சாகுறத பாத்துட்டு, மலை ஊர்ல அவங்களுக்கு ஒரு இடம் வேணும்னு 1847ல சிம்லா பக்கம் சனாவர்ல முதல் ஸ்கூல் ஆரம்பிச்சாரு. 1857 ஜூலையில லக்னோ முற்றுகையில அவரு செத்துப் போனாரு, அவரு பேர்ல 1858 செப்டம்பர் 6ம் தேதி ஊட்டியில தொறந்ததுதான் இது. அப்ப அதோட பேரு ஸ்கூல்னு கூட இல்ல, லாரன்ஸ் அசைலம். அசைலம்னா அடைக்கலம், கிட்டத்தட்ட அநாதை ஆசிரமம்னு வச்சுக்கங்களேன். ஆபீசருங்க பிள்ளைங்க இல்லைங்க, சாதா சிப்பாய்ங்க பிள்ளைங்க, அப்பன் செத்தது, அம்மா செத்தது, ரெண்டு பேருமே இல்லாதது. பணம் இருந்த வெள்ளைக்காரன் அப்ப எல்லாம் பிள்ளைய கப்பல்ல ஏத்தி இங்கிலாந்துக்கு அனுப்பினான், அனுப்ப வக்கில்லாதவன் பிள்ளைதான் இங்க. நம்ம ஊரு படகர் பிள்ளையோ எஸ்டேட் பிள்ளையோ கிட்டப் போக முடியாதுங்கிறது வேற விஷயம், அதையும் மறைக்க வேண்டியதில்ல.

கட்டடத்துக்கு பிளான் போட்டது சிஷோம்ங்கிற வெள்ளைக்கார ஆர்க்கிடெக்ட், சென்னையில பிரசிடென்சி காலேஜ், யுனிவர்சிட்டி செனட் ஹவுஸ் எல்லாம் பண்ண அதே ஆளு. கல்லு அடுக்குனது யாருன்னு பாத்தா, அதுல சீனாக்காரங்களும் இருக்காங்க! மலாயா பக்கத்து வெள்ளைக்காரன் ஊர்கள்ல ஜெயில் பத்தலன்னு சீனக் கைதிகள மெட்ராஸ் மாகாணத்துக்கு அனுப்பி, அவங்கள நீலகிரியில ஜெயில்ல வச்சு 1860கள்ல இந்தக் கட்டட வேலைக்கு விட்டாங்க. 1867ல மழையும் புயலுமா இருந்த ஒரு ராத்திரி கொஞ்ச பேரு தப்பிச்சு ஓடி, ரெண்டு வாரம் கழிச்சு பிடிபட்டாங்க. தண்டனை முடிஞ்சதும் சில பேரு ஊருக்கே போகல, நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் நடுவுல தமிழ்ப் பொண்ணுங்கள கட்டிக்கிட்டு, காப்பி, காய்கறி, மாடு கன்னுன்னு இங்கயே தங்கிட்டாங்க. ரயில் குன்னூர் வந்ததே 1899ல, ஊட்டிக்கு 1908ல, அதுக்கும் முப்பது நாப்பது வருஷம் முந்தி நடந்த கதைங்க இது. இத கிளாஸ்ல சொன்ன அன்னைக்குத்தான் கடைசி பெஞ்சுல ஒருத்தனும் தூங்கல.

அப்புறம் அது மிலிட்டரி ஸ்கூலா வளந்துச்சு, பேர்லயே ராயல் மிலிட்டரின்னு வந்துச்சு, 1949ல ராணுவத்துகிட்ட இருந்து மத்திய கல்வித் துறைக்குக் கை மாறி இப்ப இருக்குற பப்ளிக் ஸ்கூலா ஆச்சு. இன்னைக்கு நாடு பூரா இருந்து பசங்க வர்றாங்க, நல்ல ஸ்கூல், படிப்பும் விளையாட்டும் நல்லா இருக்கு, அங்க படிச்சு வந்தவங்கள நான் மதிக்கிறேன். நான் குறை சொல்ல வரல. அந்தப் பேரு டெஸ்ட் வச்சதால வந்துச்சுன்னு சொல்றதத்தான் ஒத்துக்க மாட்டேன், அது அப்பன் இல்லாத சிப்பாய் பிள்ளைங்க கம்பளி போத்தி வளந்த இடம்.

நம்ம ஸ்கூலோட பழைய அட்மிஷன் ரிஜிஸ்டர் என் பீரோவுல இருக்கு, ஓரமெல்லாம் செல்லரிச்சுப் போச்சு. 1964 சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தத்துக்கு அப்புறம் சிலோன்ல இருந்து கப்பல்ல ஏத்தி அனுப்பினாங்களே, மண்டபம் கேம்ப் வழியா இங்க டேன்டீங்கிற அரசாங்கத் தேயிலைத் தோட்டங்களுக்கு வந்த குடும்பங்க, அந்தப் பிள்ளைங்க பேரு பக்கம் பக்கமா இருக்கு. அப்பா தொழில்னு ஒரு காலம், மேல ஒருத்தருக்குக் கூலின்னு எழுதிட்டு கீழ வரிசையா மேற்படி மேற்படி மேற்படின்னு போகும். அதுல ஒரு மேற்படி எங்கப்பா. என் பிறந்த தேதி ஜூன் 1ன்னு இருக்கு, எங்கம்மாவ கேட்டா மார்கழிக் குளிர்ல பொறந்த பிள்ளைன்னு சொல்லும். முந்தின பள்ளிங்கிற கட்டத்துல ஒரு கோடுதான். அன்னைக்கு எனக்கு இங்கிலீஷ்ல என் பேர எழுதத் தெரியாது, நான் பேசுற சிலோன் தமிழக் கேட்டு பசங்க சிரிப்பாங்க, எந்த டெஸ்ட் வச்சாலும் நான் வெளியதான். அப்ப இருந்த ஹெட்மாஸ்டர் கேட்ட ஒரே கேள்வி, மத்தியானத்துக்கு சோறு கொண்டு வருவியா இங்க சாப்பிடுவியா.

மீட்டிங்ல டெஸ்ட் வேணும்னு கை தூக்கினவங்கள்ல நாலு பேரோட பேரோ அவங்க அப்பா அம்மா பேரோ அதே ரிஜிஸ்டர்ல இருக்குங்க. யாருன்னு சொல்ல மாட்டேன், அவங்களுக்கே தெரியும்.

அதனால ஆறாம் வகுப்புக்கு டெஸ்ட் கிடையாது, பெத்தவங்களுக்கு இன்டர்வியூவும் கிடையாது. நான் இருக்குற வரைக்கும்னு வசனம் பேசல, சட்டமே அதான். 2009 கல்வி உரிமைச் சட்டம் 13ம் பிரிவுல பிள்ளையையும் பெத்தவங்களையும் சலிச்செடுக்குற வேலையே கூடாதுன்னு இருக்கு, முதல் தடவை மீறினா 25,000 ரூபாய் வரைக்கும் அபராதம், அடுத்தடுத்து மீறினா தடவைக்கு 50,000. அந்தக் காசுக்கு நான் லேப்ல ரெண்டு மைக்ராஸ்கோப் வாங்குவேன். கணக்குல பின்தங்கின பிள்ளைங்களால மத்த பிள்ளைங்க படிப்பு கெடுதுன்னு ஒரு அம்மா சொன்னாங்க, அது நியாயமான கவலை, அதுக்கு வழி சாயங்காலம் ஒரு மணி நேரம் தனி கிளாஸ், அடுத்த திங்கள்ல இருந்து ஆரம்பிக்கிறோம். பச்சத் தேயிலை சீசன்ல அம்மாங்க வீட்டுக்கு வர லேட்டாகும்னு தெரியும், அதுவரைக்கும் பிள்ளைங்க இங்கயே இருக்கட்டும்.

டூர் விஷயம். எட்டாம் வகுப்பு மட்டும், வர்ற சனிக்கிழமை. குன்னூர் ஸ்டேஷன்ல மலை ரயில் ஏறி வெலிங்டன், அரவங்காடு, கேத்தி தாண்டி லவ்டேல்ல இறங்குறோம். ஸ்கூல் உள்ள போக அனுமதி கேட்டு எழுதியிருக்கோம், கிடைச்சா உள்ள போவோம், இல்லன்னா வெளிய நின்னு பாத்துட்டு ஊட்டிக்குப் போய் ஆர்ட்ஸ் காலேஜ் வளாகத்துல அந்தக் காலத்து வெள்ளைக்காரக் கலெக்டர் சல்லிவன் கட்டின கல் பங்களாவ பாத்துட்டு பஸ்ல திரும்புவோம். ஸ்வெட்டர், ரெயின்கோட் கட்டாயம். சாப்பாடு டப்பால, தண்ணி ஸ்டீல் பாட்டில்ல, பிளாஸ்டிக் கவர், பிளாஸ்டிக் பாட்டில் வேண்டாம், செக்போஸ்ட்ல புடிச்சா ஃபைன் நீங்கதான் கட்டணும். அட்டை கடிக்கு கொஞ்சம் உப்பு பொட்டலம் கட்டிக் குடுங்க. டிக்கெட் காசு கஷ்டம்னா பிள்ளைகிட்ட சொல்லி அனுப்ப வேண்டாம், எனக்கு ஒரு போன் போடுங்க, போதும்.

இன்னொரு உதவி. டூர் முடிஞ்சதும் பிள்ளைங்க நம்ம ஸ்கூல் கதைய சுவர்ல எழுதி ஒட்டப் போறாங்க. வீட்டுல பழைய குரூப் போட்டோ, டி.சி, சிலோன் பாஸ்போர்ட், கேம்ப் சீட்டு, கொழுந்துக் கூடையோட பாட்டி நிக்கிற படம், எது இருந்தாலும் குடுத்து விடுங்க, ஜெராக்ஸ் எடுத்துட்டு மறுநாளே திருப்பித் தந்துருவோம். கையெழுத்துப் போட்ட ஒப்புதல் சீட்டு வியாழக்கிழமைக்குள்ள கிளாஸ் டீச்சர் கைக்கு வந்துரணும், கைநாட்டா இருந்தாலும் செல்லும்.

இப்படிக்கு
உங்கள் தலைமையாசிரியர்