செவ்வாயும் புதனுமாக வா, மக்கா

நாகர்கோவில்

அன்புள்ள மக்கா,

உன் கடிதமும், அதோடு மடித்து வைத்திருந்த பட்டியலும் கிடைத்தது. இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முட்டுவலி கூடியும் குறைந்தும் இருக்கிறது. செட்டிகுளம் அண்ணாச்சி உன்னைக் கேட்டார். பச்சைக் குடை என்னவாயிற்று என்றும் கேட்கச் சொன்னார், அதற்கு நீயே பதில் எழுதிக்கொள்.

இனி உன் பட்டியல். "தங்கச்சியும் நானும் மட்டும், ஒரு ராத்திரி தங்கல், அலைச்சலே இருக்கக் கூடாது" என்று முதல் பத்தியில் எழுதிவிட்டு, அடுத்த பக்கத்தில் பதினான்கு இடத்தை வரிசை போட்டிருக்கிறாய். சூரியோதயம், திற்பரப்பு அருவி, மாத்தூர் தொட்டிப்பாலம், சிதறால் மலை, சுசீந்திரம், அஸ்தமனம் எல்லாம் இரண்டு நாளுக்குள். பந்தி விசாரிக்கிற ஆள் மாதிரி தங்கச்சியை இழுத்துக்கொண்டு ஓட வேண்டியதுதான். பள்ளிக்கூடத்தில் பரீட்சைக்கு முந்தின நாளும் இப்படித்தான் அட்டவணை போடுவாய்.

கன்னியாகுமரி மாவட்டம் சிறிசுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நாகர்கோவில் தாண்டிக் களியக்காவிளை வரைக்கும் வீடும் கடையும் இடைவெளியில்லாமல் தொடரும், எந்த ஊர் எங்கே முடிகிறது என்று தெரியாது. நெடுஞ்சாலை என்று பேர், பெரும்பாலும் எதிரும் புதிருமாக இரண்டு வண்டி போகிற அகலம்தான். பாறைக்கல் ஏற்றின டாரஸ் லாரிக்குப் பின்னால் மாட்டினால் முப்பது கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம் வைத்துக்கொள். நான்குவழிச் சாலைக் கணக்கு இங்கே செல்லாது.

அதைவிடப் பெரிய சங்கதி கிழமை. நீ சனி, ஞாயிறு என்று எழுதியிருக்கிறாய். மே மாத சனி ஞாயிறில் அறை வாடகையும் கூட்டமும் ஏறிக் கிடக்கும். மேற்குக் கடற்கரை ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசை நாள், கடலுக்குப் போகமாட்டார்கள், பச்சை மீன் இருக்காது. திங்கட்கிழமை பத்மநாபபுரம் அரண்மனைக்கு விடுமுறை. ஆகச் செவ்வாய் காலை கிளம்பி புதன் இரவு வீடு சேருகிற மாதிரி வா. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டின நாளாக இல்லாமல் பார்த்துக்கொள். அந்த நாட்களில் கன்னியாகுமரியில் கடல் நீர்மட்டம் தாழ்ந்து, விவேகானந்தர் பாறைக்குப் போகிற படகை இரண்டு மூன்று மணி நேரம் தள்ளி விடுவது அடிக்கடி நடக்கிறது. அந்த நேரமெல்லாம் வெயிலில் வரிசையில்தான் நிற்கணும்.

மதுரையில் நாலரைக்கு எடுத்தால் எட்டு, எட்டரைக்குக் காவல்கிணறு. அங்கே கன்னியாகுமரிப் பாதையை விட்டு நாகர்கோவில் பக்கம் திரும்பு. முப்பந்தலில் காற்றாலைகள் தொடங்கும். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வருகிற காற்று மே கடைசியில் வலுக்க ஆரம்பிக்கும். லாரியை ஒட்டிப் போகும்போது அதன் மறைவில் காற்று நின்றுவிடும். அந்த மறைவை விட்டு விலகின நொடியில் பக்கவாட்டில் ஓங்கி அறையும், கார் ஒரு அடி விலகும். இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருக்கட்டும், எழுபதுக்கு மேல் போகாதே. தோவாளைப் பூச்சந்தை விடியுமுன் சூடுபிடித்து நீ வருகிற நேரத்துக்கு அடங்கிவிடும், அதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடு. நாகர்கோவிலில் இட்லியும் ரசவடையும் சாப்பிட்டுவிட்டு நேராகத் தக்கலைக்கு விடு, பத்மநாபபுரம் அரண்மனை அதன் பக்கத்தில்தான்.

முதல் நாளுக்கு அரண்மனை ஒன்று போதும். காலையில் ஒன்பதுக்குத் திறக்கும். மதியம் ஒரு மணிக்குச் சீட்டு நிறுத்தி, இரண்டுக்குத்தான் மறுபடி கொடுப்பார்கள். பத்து மணிக்குள் உள்ளே போனால் இரண்டு மணி நேரம் நிதானமாகப் பார்க்கலாம். 1601-ல் கட்டத் தொடங்கினது, 1795 வரை பத்மநாபபுரம்தான் திருவிதாங்கூரின் தலைநகர். 1956-ல் நாம் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் அரண்மனை மட்டும் கேரளத் தொல்லியல் துறையின் கையில்தான் இருக்கிறது. செருப்பை வெளியே விடணும். உள்ளே ஒருவழிப் பாதை, ஒரு கட்டத்தைக் கடந்தால் திரும்பி வர விடமாட்டார்கள், அதனால் ஒவ்வொரு இடத்திலும் நின்று பார். மரப்படிகள் செங்குத்து, நிலைவாசல்கள் தாழ்வு. உன் உயரத்துக்கு நெற்றியைக் கவனி. தங்கச்சி கால்வலி என்று சொன்னால் மாடிகளை விட்டுவிடுங்கள், கீழேயே பார்க்க நிறைய உண்டு. தரையைக் குனிந்து பார்க்கச் சொல். தேங்காய்ச் சிரட்டைக் கரியும் சுண்ணாம்பும் முட்டை வெள்ளையும் சேர்த்துப் போட்ட கறுப்புத் தரை, சன்னல் வெளிச்சம் விழுகிற இடத்தில் முகம் தெரியும். வெயில் நேரத்தில் அதன்மேல் வெறுங்காலோடு நடக்கிற குளிர்ச்சியை எழுதிக் காட்ட முடியாது.

தக்கலையில் சாப்பிட்டுவிட்டு, திங்கள்சந்தை வழியாகக் கடலோரத்து முட்டத்துக்கு வந்துவிடு. தங்கல் அங்கேதான். கன்னியாகுமரியில் தங்கணும் என்று நீ பிடிவாதமாக எழுதியிருப்பது அஸ்தமனத்துக்காக என்றால், கேள். கோடையில் சூரியன் வடக்கே தள்ளி இறங்கும். கன்னியாகுமரி முனையிலிருந்து பார்த்தால் அது கரைக்குப் பின்னால் மறையும், கடலில் விழாது. அங்கே கடலில் அஸ்தமனம் பார்க்க ஐப்பசி முதல் மாசி வரை வரணும். முட்டத்தில் கரை வடமேற்காக வளைந்து போவதால் மே மாதத்திலும் சூரியன் கடலுக்குள்தான் இறங்கும், ஆறரை வாக்கில். கலங்கரை விளக்கத்துப் பக்கம் செம்பாறை மேட்டில் ஆறு மணிக்கே போய் உட்காருங்கள்.

அறை பிடிக்கும்போது நாலு கேள்வி கேள். வண்டி மதிலுக்குள் நிற்குமா? குழாயில் வருவது உப்புத் தண்ணியா? கரண்ட் போனால் இன்வெர்ட்டர் ஃபேனுக்கு மட்டுமா, ஏசிக்கும் ஜெனரேட்டர் உண்டா? சன்னலுக்குக் கொசுவலை உண்டா? மேற்கு பார்த்த அறைக்குத்தான் ஆசைப்படுவாய். மதியம் முழுக்க வெயில் குடித்த சுவர் ராத்திரி பத்து மணி வரை சூடு விடும், ஏசி இல்லாவிட்டால் வேண்டாம். இரண்டு பேரும் ஆதாரை எடுத்து வாருங்கள். ராத்திரிச் சாப்பாட்டை மதியமே சொல்லிவிடணும்: மரச்சீனி (உங்கள் ஊர் மரவள்ளிக்கிழங்கு) மசித்து மயக்கினதும் சாளை மீன் கறியும். மீனுக்குக் கவலை இல்லை. விசைப்படகுத் தடை கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்கில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. மே மாதம் கிழக்குக் கரையில் இருக்கிற சின்னமுட்டத்தில் படகெல்லாம் கரையில் கிடக்கும்போது முட்டத்திலும் குளச்சலிலும் மீன் இறங்கிக்கொண்டிருக்கும். பெயரைப் பார்த்து இரண்டையும் குழப்பிக்கொள்ளாதே.

மக்கா, இதுவரைக்கும் எழுதினதில் எதை வேண்டுமானாலும் மாற்றிக்கொள். இனி எழுதுவதை மாற்றாதே. கடலில் இறங்கவே இறங்காதீர்கள். ஏப்ரல், மே மாதங்களில் இங்கே கள்ளக்கடல் வரும். தெற்கே வெகுதூரத்தில் இந்தியப் பெருங்கடலில் அடிக்கிற புயல் எழுப்பின அலை, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடி இங்கே வந்து ஏறுகிறது. இங்கே வானம் தெளிவாக இருக்கும், காற்றே இருக்காது, குளிக்க இறங்கலாம் என்றுதான் தோன்றும். 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களைக் கடல் கொண்டுபோனது அப்படித்தான். எச்சரிக்கை அதற்கு முன்பே வந்திருந்தது. கல்யாணத்துக்காக வந்த பிள்ளைகள். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அந்த வீடுகளைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

ஹைதராபாத்தில் இருக்கிற இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் இதற்கு முன்கூட்டியே எச்சரிக்கை கொடுக்கிறது, கிளம்புகிற அன்றும் அடுத்த நாளும் பார்த்துவிடு. முட்டம் பாறையில் போய் உட்காருமுன் கால்மணி நேரம் தள்ளி நின்று அலையைப் பார். நாலைந்து சின்ன அலை வரும், பிறகு பெரிசு ஒன்று வரும், அது எங்கே வரை ஏறுகிறது என்று பார்த்துக்கொள். ஈரமாக இருக்கிற பாறை, கடல் வந்து போன பாறை. பச்சை படிந்திருந்தால் அடிக்கடி வருகிறது என்று அர்த்தம், அதில் கால் வைத்தால் பிடிக்க ஒன்றும் கிடையாது. காய்ந்து வெளுத்த பாறையில், ஈரக்கோட்டுக்கு நன்றாக மேலே உட்காருங்கள். போட்டோவுக்காகக் கடலுக்கு முதுகு காட்டி நிற்க வேண்டாம். வலை பின்னிக்கொண்டிருக்கிறவர் யாராவது "அங்க போகாதீங்க" என்றால் மறுபேச்சு இல்லாமல் திரும்பிவிடு. தங்கச்சிக்கு இந்தப் பத்தியை மட்டும் வாசித்துக் காட்டு.

புதன் காலை ஐந்தே முக்காலுக்குக் கிளம்பிக் கடற்கரைச் சாலையில் கிழக்கே வா. ராஜாக்கமங்கலம், சங்குத்துறை, சொத்தவிளை, மணக்குடி, கோவளம் என்று முப்பத்தைந்து கிலோமீட்டர் போல இருக்கும். வேகம் வேண்டாம், சாலையோரம் வலையும் கருவாடும் காயும், பிள்ளைகள் குறுக்கே வரும். மணக்குடிப் பாலத்தில் ஏறுமுன் வண்டியை ஓரம் கட்டி நடந்துபோய்ப் பாருங்கள். பழையாறு கடலில் சேருகிற இடம். அங்கிருந்த பழைய பாலத்தை 2004 சுனாமி தூக்கிப் போட்டது. சொத்தவிளையில் நின்றால் வண்டியைத் தார் விளிம்பை விட்டு இறக்காதே. மேலே பொருக்கு விட்டுக் கெட்டியாகத் தெரியும், உள்ளே பொடிமணல். சக்கரம் புதைந்துவிட்டால் ஆக்சிலேட்டரை மிதிக்காதே, மிதிக்க மிதிக்க வண்டியின் அடிவயிறு மணலில் உட்கார்ந்துவிடும். எஞ்சினை நிறுத்திவிட்டு, ஓட்டுகிற சக்கரத்துக்கு முன்னும் பின்னும் மணலைக் கையால் தள்ளு. டயர் காற்றை இருபது பிஎஸ்ஐ வரை இறக்கு. மிதியடியையோ காய்ந்த தென்னை மட்டையையோ சக்கரத்தடியில் கொடுத்து, இரண்டாம் கியரில் மெதுவாக, வந்த தடத்திலேயே எடு. பின்னால்தான் போக வழி என்றால் ரிவர்ஸில் அதே நிதானம். தார் ஏறினதும் முதல் வேலை காற்று நிரப்புவது. குறைந்த காற்றோடு மே வெயிலில் நான்குவழிச் சாலையில் விட்டால் டயர் வெடிக்கும்.

ஏழரைக்குள் கன்னியாகுமரி படகுத்துறை வரிசையில் நின்றுவிடுங்கள், முதல் படகு எட்டு மணிக்கு. பாறையில் இறங்கினால் வள்ளுவர் சிலைக்கு இப்போது கண்ணாடிப் பாலம் வழியாக நடந்தே போகலாம். 2024 டிசம்பர் 30 அன்று திறந்தது, 77 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். தங்கச்சி ஆசைப்பட்டது அதற்குத்தானே? விவேகானந்தர் பாறையில் செருப்பை விட்டுவிட்டுத்தான் நடக்கணும், பத்து மணிக்கு மேல் கல் கால் வைக்க விடாது. பத்தரைக்குக் கரைக்கு வந்தால் ஆளுக்கு ஒரு நுங்கு, பதநீர் கிடைத்தால் அதுவும். அங்கிருந்து மதுரைக்கு நேர் சாலை, நாலு மணி நேரம். சாப்பிட்டவுடனே இரண்டு மணி வெயிலில் ஓட்டாதே, திருநெல்வேலியில் ஒரு மணி நேரம் படு.

சுசீந்திரம் இதில் வராது. அங்கே அவசரமாகப் போவதில் அர்த்தமில்லை, மதியம் நடையும் சாத்திவிடுவார்கள். திற்பரப்பு, தொட்டிப்பாலம், திருவட்டாறு மூன்றையும் சேர்த்து மழை முடிந்து தை மாதத்தில் தனியாக வைத்துக்கொள்வோம்.

மட்டிப்பழம் வாங்காமல் போகாதே. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கின பழம். ஆனால் தோல் மெல்லிசு, பழுத்தால் சீப்பிலிருந்து உதிரும். அன்றைக்குத் தின்ன ஒரு சீப்பு பழுத்ததும், ஊருக்குக் கொண்டுபோக ஒரு சீப்பு காயாக முற்றினதும் எடு. டிக்கியில் வைத்தால் சூட்டில் வெந்துபோகும், பின் சீட்டில் துணி விரித்து வை. வீட்டுக்குப் போனதும் மறுநாளே வண்டியின் அடிப்பக்கத்தை நல்ல தண்ணியில் அடித்துக் கழுவச் சொல், உப்பும் மணலும் பிரேக் பக்கம் தங்கினால் துரு பிடிக்கும்.

செவ்வாய் எந்தத் தேதி என்று சீக்கிரம் எழுது, முட்டத்தில் அறைக்குச் சொல்லி வைக்கணும். வரும்போது அம்மாவுக்கு ஒரு சுங்குடிச் சேலை வாங்கி வா, வெளிர் நிறமாகப் பார்த்து. பணம் நான் தருவேன், வேண்டாம் என்று சண்டை பிடிக்காதே.

அன்புடன்,
உன் மக்கா