காவல்காரர் சொன்னால் கேட்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

பழைய நகரங்களின் மதில்கள் பற்றிச் சென்ற ஞாயிறு வந்த கட்டுரையை ஆசையோடு வாசித்தேன். மதிலின் அகலம், உயரம் எல்லாம் இருந்தது, ஆனால் அதன்மேல் இரவிரவாக விழித்து நின்ற மனிதரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இங்கே திருகோணமலையில் கோணேசர் கோயிலுக்குப் போகும்போது கோட்டை வாசலைக் கடந்துதான் போகிறோம், நாங்களும் கல்லைத்தான் பார்க்கிறோம்.

என் அப்பா திருகோணமலையில் 22 வருடம் இரவு வோச்சராக இருந்தவர், அதனால்தான் எனக்கு இது மனதில் தைத்தது.

வேதாகமத்தில் இரண்டாம் சாமுவேல் 18ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். சண்டை என்ன ஆனது என்று தெரியாமல் தாவீது ராஜா இரண்டு வாசலுக்கும் நடுவே இருக்கிறார். மேலே நிற்கும் ஜாமங்காக்கிறவன், ஒருவன் தனியே ஓடிவருகிறான் என்று கூப்பிட்டுச் சொன்னதும், தனியே வந்தால் அவன் வாயில் செய்தி இருக்கும் என்று ராஜாவே பதில் சொல்கிறார். கொஞ்ச நேரத்தில் அந்த ஓட்டத்தைப் பார்த்தே, இது சாதோக்கின் மகன் அகிமாஸ் மாதிரி இருக்கிறது என்கிறான் காவல்காரன். முகம் தெரியாத தூரத்தில் நடையை வைத்து ஆளைச் சொல்ல எத்தனை நாள் அந்த வழியையே பார்த்துக்கொண்டு நின்றிருக்க வேண்டும்! அவன் சொன்ன ஒவ்வொரு சொல்லும் ராஜாவின் காதுக்குப் போனது, அதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

எங்கள் தமிழிலும் இருக்கிறது. மதுரைக் காஞ்சியில் வரும் ஊர்காப்பாளர், தெருவில் மழைத்தண்ணீர் ஓடும் நடுச்சாமத்திலும் வில்லம்போடு சுற்றி வருவார்கள், கள்வர் ஒளிந்திருக்கும் இடம் தேடி. அவர்கள் நூல் கற்றவர்கள், அறிந்தவர்கள் புகழும் வீரர்கள் என்றே புலவர் சொல்கிறார்.

சரி, என் அப்பாவுக்கு வருகிறேன். ஒரு கார்த்திகை மழையில் களஞ்சியத்தின் பின் வாய்க்கால் நிரம்பி வருவதை டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு, பொறுப்பானவருக்கு இரவு இரண்டு தடவை போன் எடுத்தார். காலையில் பார்ப்போம் என்று பதில் வந்தது. விடியும்போது கீழ் அடுக்கு மா மூட்டை முழுக்க நனைந்துவிட்டது, அப்புறம் அந்த மாதச் சம்பளத்தில் பிடித்தது அப்பாவிடம்தான். அவர் சண்டை போடவில்லை, வீட்டுக்கு வந்து ஈரச் சட்டையைக்கூடக் கழற்றாமல் கதிரையில் இருந்தார்.

வேதாகமத்தில் எசேக்கியேல் 33ஆம் அதிகாரத்தில் கணக்குத் தெளிவாக இருக்கிறது. பட்டயம், அதாவது எதிரியின் வாள், வருவதைக் கண்டும் எக்காளம் ஊதாவிட்டால் பழி காவற்காரன் மேல், ஊதின பிறகும் சனங்கள் கேளாமல் இருந்தால் பழி அவரவர் தலைமேல். அந்தக் காலத்துக்கே தெரிந்த நியாயம் இது.

இங்கே கடைகள், களஞ்சியங்கள், பாடசாலைகள் எல்லாவற்றிலும் இரவில் ஒரு வயதான மனிதர் தனியே விழித்திருக்கிறார். அவருக்கு நனையாத ஒரு இடமும், நடுச்சாமத்தில் எடுத்தாலும் பதில் சொல்லும் ஒரு போன் நம்பரும் கொடுங்கள் என்று அந்த இடங்களின் முதலாளிமாருக்கு உங்கள் பத்திரிகை எழுத வேண்டும். மதில் கட்டுரையின் அடுத்த பகுதி வருவதாக இருந்தால், தயவுசெய்து அதில் காவல்காரரையும் சேருங்கள்.

இப்படிக்கு,
ஒரு வோச்சரின் மகள்,
உவர்மலை, திருகோணமலை.