பெரிய கஃப்

அன்பு மகளுக்கு,

"முட்டிவலி என்று வருகிறவரிடம் எடையைப் பற்றி எப்படிம்மா பேச்செடுப்பது?" என்று நேற்று போனில் கேட்டாய். அவசரத்தில் ஏதோ சொல்லி வைத்தேன். ராத்திரி முழுக்க அதே நினைப்பு.

முதலில் முட்டியைப் பார். வந்த வலிக்கு வழி சொல். அப்புறம், "உங்கள் எடையைப் பற்றியும் கொஞ்சம் பேசலாமா?" என்று கேள். வேண்டாம் என்றால் விட்டுவிடு.

எடையை உயரத்தோடு ஒப்பிடும் பிஎம்ஐ 30-ஐத் தொட்டாலே உடல் பருமன். ஆசியர்களுக்கு 25-லேயே கணக்கு வைக்கிறோம். ஆனால் அதற்குத் தசை எது, கொழுப்பு எது என்று தெரியாது. டேப்பை எடு. கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், மூச்சை விட்டு முடித்ததும் சுற்றளவை அள. உயரத்தில் பாதியைத் தாண்டினால் கவனிக்க வேண்டும்.

உன்னிடம் இதைச் சொன்னதே இல்லை. நான் புதிதாக நோயாளிகளைப் பார்க்க ஆரம்பித்த காலத்தில், கை பருத்த ஒரு அம்மாவுக்கு, கையில் சுற்றும் பட்டையான கஃப்பில் சாதாரண அளவையே இழுத்துச் சுற்றி பிரஷர் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் கூடுதலாகவே காட்டியது. மாத்திரையை ஏற்றிக்கொண்டே போனேன். ஒருநாள் காலையில் எழுந்து நின்றவர் தலைசுற்றி விழுந்துவிட்டார். சின்ன கஃப் பிரஷரைக் கூட்டிக் காட்டும் என்பது நான் படித்ததுதான். பெரிய கஃப் அலமாரியிலேயே இருந்தது. அவர் என்னைத் திட்டவில்லை. "என் உடம்பு பெருசு, அதனாலதான் டாக்டர்" என்றார். அந்த வார்த்தை இன்னும் என்னை விடவில்லை.

பழைய மருந்துச் சீட்டுகளைக் கேட்டு வாங்கு. ஸ்டீராய்டு, இன்சுலின், சில மனநல மருந்துகள் எடையைக் கூட்டும். மருந்து ஆரம்பித்த மாதமும் எடை ஏறத் தொடங்கிய மாதமும் ஒத்துப்போகிறதா பார். குறட்டை, பகல் தூக்கம் இரண்டையும் கேட்க மறக்காதே.

100 கிலோ உள்ளவர் 5 கிலோ குறைத்தாலே சர்க்கரையும் பிரஷரும் இறங்க ஆரம்பிக்கும். குறைத்தது திரும்ப ஏறினால் மனவுறுதி இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதே, கண்ணு. இளைத்த உடம்பில் பசியைத் தூண்டும் ஹார்மோனான கிரெலின் கூடும். பசியை அடக்கும் லெப்டின் குறையும். அவர் மல்லுக்கட்டுவது அதோடு. எடை குறைக்கப் போடும் செமக்ளூடைடு ஊசியை நிறுத்தினாலும் எடை பெரும்பாலும் திரும்பும். போடுவதற்கு முன்பே சொல்லிவிடு. எடை குறைக்க அறுவை சிகிச்சை தேவைப்படுகிறவரை வருஷக்கணக்கில் இழுத்தடிக்காதே.

உன் அறையில் கைப்பிடி இல்லாத நாற்காலி இருக்கிறதா? இல்லையென்றால் கேட்டு வாங்கிப் போடு. பெரிய கஃப் ஒன்று நான் அனுப்புகிறேன். அலமாரியில் வைக்காதே, மேஜைமேலேயே இருக்கட்டும்.

அம்மா