தேரோடும் நாளில் சைக்கிளை எங்கே விடுவது? – ஒரு திறந்த மடல்

மாவட்டக் காவல் துறையின் போக்குவரத்துப் பிரிவு அதிகாரிகளுக்கும், நகராட்சி நிர்வாகத்தினருக்கும், கோயில் நிர்வாகத்தினருக்கும், தேர்த் திருவிழாக் குழுவினருக்கும்

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். தேரோட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை என்று மாவட்ட ஆட்சியரின் அறிவிப்பு வந்ததும், அதைத் தொடர்ந்து உங்கள் போக்குவரத்து மாற்ற அறிவிப்பும் வந்துவிடும். விடுமுறை அறிவிப்பை ஊரே படிக்கும். ஈடுசெய்யும் வேலைநாளாக எந்தச் சனிக்கிழமையைப் போட்டிருக்கிறார்கள் என்று அரசு ஊழியர்கள் இரண்டாம் முறையும் படிப்பார்கள். உங்கள் அறிவிப்பைக் கடைசி வரி வரை படிப்பவர்கள் சிலரே. தேரோடும் வீதியில் குடியிருப்பதால் நான் அந்தச் சிலரில் ஒருவன்.

அறிவிப்பின் சாரம் பெரும்பாலும் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதில்லை. நான்கு ரத வீதிகளிலும் அதிகாலை முதல் எந்த வாகனத்தையும் நிறுத்தக் கூடாது. சைக்கிள் உட்பட எதுவும் தடுப்பைத் தாண்டி உள்ளே வரக் கூடாது. இதில் முதல் பாதியை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். இன்னும் கண்டிப்பாக நடத்துங்கள் என்றுகூடக் கேட்பேன். இரண்டாம் பாதியில் சைக்கிளைக் காரோடு ஒரே வரியில் சேர்த்தது சரியில்லை. இந்த மடல் அதற்காகத்தான்.

முதலில் நிறுத்தத் தடை. தேர் போக எவ்வளவு இடம் வேண்டும் என்று கேட்டால், பலரும் தேரின் அகலத்தை மனத்தில் வைத்துக்கொண்டு பதில் சொல்கிறார்கள். சக்கரத்தின் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்குத்தான் உண்மைக் கணக்கு தெரியும். தேரைத் திருப்புவதும் நிறுத்துவதும் முட்டுக்கட்டை போடுபவர்களின் கையில் இருக்கிறது. சக்கரம் உருண்டு வரும்போதே குனிந்து, கட்டையைச் சரியான கோணத்தில் அதன் வாயில் கொடுத்துவிட்டு, அடுத்த நொடியில் பக்கவாட்டில் விலகியாக வேண்டும். விலகும் இடத்தில் ஒரு கார் நின்றால், அந்த மனிதர் சக்கரத்துக்கும் காரின் கதவுக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறார். திருவாரூர் ஆழித் தேர் அலங்காரத்தோடு ஏறத்தாழ 96 அடி உயரம், 300 டன் எடை என்று சொல்வார்கள். அதற்கு ஹைட்ராலிக் பிரேக் இருக்கிறது. அப்படியிருந்தும் முட்டுக்கட்டைக்காரர்கள் இல்லாமல் அது ஒரு முனையையும் திரும்புவதில்லை. பிரேக் இல்லாத நம் ஊர்த் தேர்களின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

முனைகளில் இன்னும் கவனம் வேண்டும். தேர் ஒரு வீதியிலிருந்து அடுத்த வீதிக்குத் திரும்பும்போது வடம் புது வீதிக்குள் நீட்டப்படுகிறது. இழுக்க இழுக்க அது உள் முனையை நோக்கி நெருங்கி வரும். வடம் பிடித்தவர்கள் கூட்டத்தின் வேகத்தில் நகர்கிறார்கள். காலடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க முடியாது. அங்கே மின்கம்பத்தோடு சங்கிலி போட்டுப் பூட்டிய ஒரு சைக்கிள் நின்றால் பெடலும் கைப்பிடியும் வேட்டியிலும் புடவையிலும் மாட்டும். ஒருவர் விழுந்தால் பின்னால் வருபவர் நிற்க மாட்டார். ஆகவே ரத வீதிகளில், குறிப்பாக நான்கு முனைகளிலும், சைக்கிளை நிறுத்திவைக்கவே கூடாது என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

அப்படியானால் அந்தத் தடை எல்லோருக்கும் வேண்டும். வடம் பிடித்துத் தொடங்கி வைக்க வரும் பிரமுகர்களின் கார்கள் தேர்முட்டிக்குப் பக்கத்தில், முன்கண்ணாடியில் ஒரு அனுமதிச் சீட்டோடு நிற்கின்றன. தேர் அசைந்தபின் அவற்றை எடுக்க வழியில்லை. ஓட்டுநர் சாவியை வைத்துக்கொண்டு எங்கோ அன்னதானப் பந்தலில் இருப்பார். பேரன் கையைப் பிடித்துக்கொண்டு இரண்டு தெரு நடந்து வரும் கிழவியால் முடிகிற நடையை, தேருக்குத் தேங்காய் உடைக்க வருகிற பெரியவர்களும் நடக்கலாம். (ஆண்டு முழுவதும் தேர்க் கொட்டகையின் நிழலில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, தேர் அலங்காரம் தொடங்கும் நாளில் மட்டும் ‘இங்கே நிறுத்தக் கூடாதா?’ என்று வியப்போடு கேட்கும் நம் ஊர்க்காரர்களையும் இந்த மடலின் பெறுநர் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம்.)

இனி சைக்கிள். அதைக் கம்பத்தில் பூட்டி வைப்பது வேறு, அதில் ஏறி ஓட்டுவது வேறு, கையால் தள்ளிக்கொண்டு போவது வேறு. முதல் இரண்டையும் தடை செய்யுங்கள். மூன்றாவதை ஏன் தடுக்கிறீர்கள்? தேர் வடக்கு வீதியில் இருக்கும்போது தெற்கு வீதியில் வாகனமே இல்லாத வெற்றுச் சாலைதான் கிடக்கிறது. அங்கே பூக்கூடையைக் கேரியரில் கட்டிக்கொண்டு, இறங்கித் தள்ளிக்கொண்டு வருகிறவர் யாருக்கு இடையூறு? அவரைத் தடுப்பில் நிறுத்தித் திருப்பி அனுப்பினால், அதே கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நெரிசலுக்குள் வருவார். சைக்கிள் தடுப்புக்கு வெளியே, யாருடைய கண்ணும் படாத ஒரு சந்தில், கேட்பாரற்று நிற்கும்.

திரும்பி வந்து பார்த்தால் அதில் காற்று இருக்காது. இந்தப் பழக்கத்தை நேரில் பார்த்திருக்கிறேன். வால்வை முறுக்கிக் கழற்றுவதற்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை; கழற்றிய வால் டியூப் சட்டைப் பைக்குள் போனது. காருக்கு அபராதச் சீட்டு எழுதித் தருகிறீர்கள், ரசீது கொடுக்கிறீர்கள். சைக்கிள்காரருக்குச் சீட்டும் இல்லை, ரசீதும் இல்லை. கடைகள் எல்லாம் அடைத்திருக்கும் விடுமுறை நாளில், பஞ்சர் கடை திறந்திருக்குமா என்று தேடிக்கொண்டு அவர் வண்டியை உருட்டிப் போக வேண்டும். எந்தச் சட்டத்திலும் இப்படி ஒரு தண்டனை எழுதப்பட்டதாக நான் படித்ததில்லை.

சட்டம் என்றதும் ஒன்றைக் குறிப்பிட வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 115-ஆம் பிரிவு, பொதுப் பாதுகாப்பு, வசதி ஆகியவற்றை முன்னிட்டு மோட்டார் வாகனங்களைத் தடுக்கவும் கட்டுப்படுத்தவும் அதிகாரம் தருகிறது. தடை செய்யப்பட்ட இடத்தில் நிறுத்திய மோட்டார் வாகனத்தை இழுத்துச் செல்லவும் சக்கரத்தைப் பூட்டவும் 127-ஆம் பிரிவு வழி செய்கிறது. இரண்டும் மோட்டார் வாகனங்களுக்கானவை. காலால் மிதித்து ஓட்டும் சைக்கிள் அந்த வகையில் வராது. ஊர்வலத்தின்போது தெருவில் ஒழுங்கைக் காக்கும் அதிகாரம் காவல் சட்டங்களின்படி உங்களுக்கு உண்டு; அதை நான் மறுக்கவில்லை. ஆனால் காருக்கு எழுதிய வாக்கியத்தில் ‘சைக்கிள் உட்பட’ என்று இரண்டு சொற்களைச் செருகிவிட்டால் வேலை முடிந்தது என்று கருத முடியாது.

அதே 115-ஆம் பிரிவு இன்னொன்றும் சொல்கிறது. ஒரு மாதத்துக்கு மேற்படாத தடையானால் அரசிதழில் வெளியிட வேண்டியதில்லை. ஆனால் சூழ்நிலை அனுமதிக்கும் அளவுக்கு உள்ளூரில் விளம்பரம் செய்தாக வேண்டும். தேரோட்டத்துக்கு முந்தைய நாள் மாலை வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு படம் சுற்றிவருவதும், மறுநாள் நாளிதழின் உள்பக்கத்தில் ஒரு பத்திச் செய்தி வருவதும் உள்ளூர் விளம்பரம் ஆகிவிடுமா? பால்காரரும் பேப்பர் போடும் பையனும் விடியும் முன்பே வீட்டை விட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். தேதி பஞ்சாங்கத்தில் எப்போதோ குறிக்கப்பட்டுவிட்டது. கொடியேற்றத்தன்றே தடுப்பு வைக்கப்போகும் இடங்களில் ஒரு தட்டியைக் கட்டிவிடலாம். அதில் எந்தத் தெரு, எந்த நேரத்திலிருந்து, மாற்றுப் பாதை எது, சைக்கிளை எங்கே விடுவது என்ற நான்கு செய்திகள் இருந்தால் போதும். பிரமுகர்களின் படங்களுக்கு அந்தத் தட்டியில் இடம் வேண்டாம்.

அன்று ஒலிபெருக்கியையும் நம்பிவிடாதீர்கள். 2022 ஏப்ரல் 27 அதிகாலையில் தஞ்சாவூர் அருகே களிமேட்டில் தேர் உயரழுத்த மின்கம்பியில் உரசி 11 பேர் உயிரிழந்தார்கள். தேர் வரும்போது அந்தந்த வீதியில் மின்சாரத்தை நிறுத்துவதில் யாரும் இனி ஒரு நிமிடமும் தயங்கக் கூடாது. ஆனால் மின்சாரம் போனால் வீதியோரக் குழாய் ஒலிபெருக்கிகளும் மௌனமாகிவிடும். ‘இந்த எண்ணுள்ள காரின் உரிமையாளர் உடனே வரவும்’ என்ற அறிவிப்பு, தேவைப்படும் நேரத்தில் யாருக்கும் கேட்காது. முந்தைய இரவே வீதியை ஒரு சுற்று சுற்றி வந்து, நிற்கும் வண்டிகளை எடுக்கச் சொல்வதுதான் வழி.

உள்ளூர் விடுமுறை என்பதால் ஊரே விடுமுறையில் இருப்பதாக ஒரு நினைப்பு இருக்கிறது. ஆட்சியரின் அறிவிப்பையே எடுத்துப் பாருங்கள். இது 1881-ஆம் ஆண்டின் செலாவணி முறிச் சட்டத்தின் கீழ் வராத விடுமுறை, ஆகவே கருவூலங்கள் குறைந்த பணியாளர்களோடு இயங்கும் என்று அதிலேயே இருக்கும். வங்கிகள் இயங்கலாம். மருத்துவமனைகளும் பஸ் பணிமனையும் இயங்கும். பங்குனியிலும் சித்திரையிலும் தேரோடும் ஊர்களில் அது பள்ளிப் பொதுத் தேர்வுக் காலத்தை ஒட்டி வந்துவிடும். அப்படி வரும் ஆண்டுகளில், பொதுத் தேர்வுகள் திட்டமிட்டபடி நடைபெறும் என்றும் அந்த அறிவிப்பில் ஒரு வரி சேர்ந்திருக்கும்.

தேர்வு எழுதப் போகும் பெண் எதில் போகிறாள்? பதினொன்றாம் வகுப்பில் அரசே கொடுத்த விலையில்லா சைக்கிளில் போகிறாள். ஒரு துறை கொடுத்த வண்டியை இன்னொரு துறை தடுப்பில் நிறுத்துகிறது. தேர்வு மையம் ரத வீதியின் மறுபக்கத்தில் இருந்தால், நுழைவுச் சீட்டைக் காட்டினால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு குறுக்கே கடக்க விட வேண்டும் என்று தடுப்பில் நிற்கும் காவலருக்கு எழுத்தில் சொல்லி வையுங்கள். பாவம், அவருக்கும் காலையில் கொடுத்த உத்தரவைத் தவிர வேறொன்றும் தெரியாது. பக்கத்து மாவட்டத்திலிருந்து பாதுகாப்புப் பணிக்கு வந்தவராயிருந்தால் தெருப் பெயரும் தெரியாது.

வாகன நிறுத்துமிடங்களைப் பற்றி: தற்காலிக நிறுத்தம் என்று நீங்கள் அறிவிக்கும் பள்ளி மைதானங்களும் காலி மனைகளும் ஊர் எல்லையில் இருக்கின்றன. காரில் வருபவருக்கு அது பொருந்தும். சைக்கிளில் வருபவர் அதே ஊர்க்காரர், அல்லது பக்கத்துக் கிராமத்துக்காரர். இரண்டு கிலோமீட்டர் தள்ளிச் சைக்கிளை விட்டுவிட்டு நடந்து வா என்றால், அவர் சைக்கிளே எடுக்காமல் மோட்டார் சைக்கிளில் மூன்று பேராக வருவார். ஒரு கார் நிற்கும் இடத்தில் ஏறத்தாழ பத்து சைக்கிள்கள் நிற்கும். தடுப்புக்கு வெளியே, ஒவ்வொரு திசைக்கும் ஒன்றாக, பழைய திரையரங்குகளில் இருந்ததுபோல் கயிறு கட்டி டோக்கன் கொடுக்கும் ஒரு சைக்கிள் ஸ்டாண்டு போட்டால் போதும். நிறுத்துமிடத்தைக் குத்தகைக்கு விடும்போது சைக்கிளுக்குக் கட்டணம் கூடாது என்று நிபந்தனை போடுங்கள். பார்த்துக்கொள்ள நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களைக் கேட்டால் தட்டாமல் வருவார்கள்.

ரத வீதிகளைக் காலி செய்ததும் அந்த வண்டிகள் எங்கே போகின்றன என்று யாராவது பார்த்ததுண்டா? இரண்டு பக்கச் சந்துகளுக்குள் போகின்றன. தேர்நாள் காலையில் எங்கள் சந்தில் ஒரு ஆள் திரும்பி நடக்க முடியாது. வீதியில் நெரிசல் ஏற்பட்டால் மக்கள் ஒதுங்க வேண்டிய வழி அதுதான்; 108 ஆம்புலன்ஸ் வர வேண்டிய வழியும் அதுதான். 2022 ஏப்ரல் 16 அன்று மதுரையில் கள்ளழகர் வைகையில் இறங்கிய வேளையில் நெரிசலில் சிக்கி இரண்டு பேர் இறந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். கூட்டத்துக்கு உள்ளே வரத் திட்டம் போடுகிறோம். வெளியேறுவதற்கும் அதே அளவு திட்டம் வேண்டும். நிறுத்தத் தடையைச் சந்துகளின் ஒரு பக்கத்துக்காவது நீட்டியுங்கள். வீதிக்காரர்கள் சொந்த வண்டியை முந்தைய இரவே வெளியே கொண்டுபோய் விட, அருகில் ஒரு பள்ளி வளாகத்தைத் திறந்துவிடுங்கள். இடம் கொடுக்காமல் ‘எடு’ என்று மட்டும் சொன்னால் சந்துதான் நிறையும்.

கடைசியாக நேரம். ‘மாலை ஆறு மணி வரை’ என்று எழுதுகிறீர்கள். தேர் கடிகாரம் பார்த்து நடப்பதில்லை. வடம் அறுந்தால் ஒரு மணி நேரம், முனையில் சிக்கினால் இன்னொரு மணி நேரம். சில ஆண்டுகளில் நடு வீதியில் இரவு தங்கி மறுநாள்தான் நிலைக்கு வரும். சில ஆண்டுகளில் மதியத்துக்குள்ளேயே வந்துவிடும். அப்போது வெறும் வீதியைத் தடுப்பு போட்டுக் காத்துக்கொண்டு காவலர்கள் வெயிலில் நிற்கிறார்கள். தடையை வீதி வீதியாக விடுவிக்கலாம். தேர் ஒரு வீதியைக் கடந்து, பின்னால் வரும் சப்பரங்களும் கடந்து, துப்புரவுப் பணியாளர்கள் தேங்காய்ச் சிரட்டைகளையும் வாழைப்பழத் தோல்களையும் அள்ளியபின், அந்த வீதியை முதலில் சைக்கிளுக்கும் பிறகு மற்ற வண்டிகளுக்கும் திறந்துவிடுங்கள். தேரோடு நடக்கும் அலுவலரின் கையில் வாக்கி டாக்கி இருக்கிறது. முனையில் இருப்பவருக்கு அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

அடுத்த தேரோட்டத்துக்கான ஆலோசனைக் கூட்டத்தை வழக்கம்போல ஆட்சியர் அலுவலகத்தில் நடத்துவீர்கள். அதற்கு முட்டுக்கட்டை போடுபவர்களில் இருவரையும், ரத வீதியில் கடை வைத்திருப்பவர் ஒருவரையும், சைக்கிளில் வேலைக்கு வருகிற ஒருவரையும் அழையுங்கள். அவர்களைப் பேசவிட்ட பிறகு அறிவிப்பை எழுதுங்கள். கொடியேற்றத்துக்கு முன்பே அது எங்கள் கைக்கு வந்துவிட்டால், வீடு வீடாகச் சென்று சொல்வதற்கு எங்கள் தெருக்காரர்கள் ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
ரத வீதியில் குடியிருக்கும் ஒருவன்